சிரிப்புக்கு எத்தனாம் நம்பர் கூண்டு?

எங்கள் வீட்டில் நான் கொஞ்சம் பலமாகச் சிரித்துவிட்டால் இரண்டு ஜோடிக் கண்கள் உடனே அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். என் மாத்திரை டப்பா அங்கேதான் இருந்தது. ஒரு ஜோடி என் கணவருடையது, இன்னொன்று என் மாமியாருடையது. டீவியில் காமெடி பார்த்துச் சிரித்தாலும் அப்படித்தான், பக்கத்து வீட்டுக் குழந்தை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சிரித்தாலும் அப்படித்தான். "காலைல மாத்திர போட்டியாடி?" என்று என் கணவர் கேட்பார். குரலில் அன்பு சொட்டும். அந்த அன்பை ஒரு குடத்தில் பிடித்து அவர் தலையிலேயே கொட்டலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும்.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பில்லை. 2007 ஆடி மாதத்தில் நான் அடித்த கூத்து அப்படி. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், அப்போது எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை இருந்தது. திடீரென்று தூக்கம் தேவைப்படாமல் போயிற்று. உலகத்தையே நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. என் கடைக்கு வருகிறவர்கள் எதற்கு நிற்க வேண்டும் என்று சிதம்பரத்தில் ஆடித் தள்ளுபடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளாக வாங்கிக் குவித்தேன். கடையில் இடம் போதாமல் தெருவுக்கே வீட்டுக்கு வீடு நாற்காலி கொடுத்தேன். பிறகு அந்தத் தெருவையே வேன் பிடித்துப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப் போனேன். படகில் எழுந்து நின்று, தண்ணீருக்குள் கால் நீட்டியிருந்த சுரபுன்னை வேர்களைப் பார்த்து, "கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் பெரியோர்களே" என்று பேச ஆரம்பித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படகுக்காரர் மட்டும், "யம்மா, ஒக்காருங்கம்மா, கவுந்துடப் போவுது" என்று கெஞ்சினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. இந்த வியாதியின் வில்லங்கமே அதுதான். காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்று தெரியும். இது திருவிழா மாதிரி மேளதாளத்தோடு வருகிறது. போகும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறது. அதன்பின் ஐப்பசி வரை நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கடை ஷட்டர் இறங்கியே கிடந்தது. தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் என் நாற்காலிகள் இருந்தன, அதில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசினார்கள்.

என் கணவர் என்னைப் பஸ்ஸில் ஏற்றிச் சிதம்பரத்துக்கு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். டாக்டர் என் வயதுப் பெண். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது இருமுனைக் கோளாறு, மனம் ஒரு முனையில் பொங்கும், மறுமுனையில் வற்றும் என்று விளக்கினார். மாமா கவலையோடு கேட்டார்: "ரெண்டு மொனையும் கூரா இருக்குமா டாக்டரம்மா?"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்தபோது யாரும் எந்த டப்பாவையும் பார்க்கவில்லை. அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இப்போது நினைத்தால் பொறாமையாகவும் இருக்கிறது.

மாமாவுக்குக் கடலூர் துறைமுக அலுவலகத்தில் வேலை. கடலில் தாழ்வு நிலை என்று தகவல் வந்தால் புயல் எச்சரிக்கைக் கூண்டை ஏற்றுகிற ஆட்களில் அவரும் ஒருவர். ரேடியோவில், "கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று சொல்லும்போதெல்லாம் தன் பெயரையே சொன்ன மாதிரி நிமிர்ந்து உட்காருவார். திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழி தாண்டியதும் அவருக்கு வியாதி புரிந்துவிட்டது. "இது பொயல் மாதிரிதான்டி. வர்றதுக்கு முந்தியே தெரியும். நேரத்துக்குக் கூண்டு ஏத்திட்டா போட்டெல்லாம் தப்பிச்சிக்கும்."

மறுநாளிலிருந்து காலையில் காபிக்கு முன்னால் அதுதான் கேள்வி: "இன்னிக்கு எத்தனாம் நம்பரு?" ஒன்று என்றால் தூரத்தில் எங்கோ ஏதோ உருவாகிறது. மூன்று என்றால் பேச்சு வேகமாகிறது, பர்ஸை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் பஸ் ஏறிச் சிதம்பரம். படுத்துக்கிடக்கிற நாட்களுக்கு, "காத்தில்ல" என்று பெயர். நான் இதை டாக்டரம்மாவிடம் சொல்லப்போய், அவர் அதைத் தன் மற்ற நோயாளிகளிடம் சொல்லப்போய், கொஞ்ச நாளில் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரமே துறைமுகம் ஆகிவிட்டது. "ஒங்களுக்கு எத்தினி?" "ரெண்டு. ஒங்களுக்கு?" என்று விசாரித்துக்கொள்வோம்.

கூண்டு முறையால் நன்மைதான். ஆனால் அதில் என் சிரிப்பு மாட்டிக்கொண்டது. சிரித்தால் ஒன்றாம் நம்பர், பாடினால் இரண்டாம் நம்பர். நோய் தணிந்துகொண்டே வந்தது, சந்தேகம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும், யாரும் என் மாத்திரையைப் பற்றிக் கேட்கக் கூடாது.

இதற்கு நடுவில் வந்தது உப்புப் பிரச்சினை. எனக்குக் கொடுத்த மாத்திரை லித்தியம். அது ஒரு வகை உப்பு என்று டாக்டரம்மா சொன்னபோது பக்கத்தில் என் மாமியார் இருந்தார். அத்தை கணக்கு போட்டார்: மாத்திரையிலேயே உப்பு இருக்கிறது, அப்புறம் குழம்பில் எதற்கு? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்பு நின்றது. மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்துகொண்டு கருவாடு கிடையாது, ஊறுகாய் கிடையாது. மாமா தாயின் மனம் நோகக் கூடாது என்று பேசாமல் சாப்பிட்டார். நாக்கு செத்துப்போனதும் வியாதியில் சேர்ந்ததுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் என் கை நடுங்க ஆரம்பித்தது. கடையில் ஜெராக்ஸ் எல்லாம் கோணலாக விழுந்தது. ரேஷன் கார்டைப் பாதி மட்டும் நகலெடுத்துக் கொடுத்தேன். வாந்தி எடுத்தேன், நடந்தால் தள்ளாடினேன். சிதம்பரத்துக்கு ஓடினோம்.

"சாப்பாட்டுல எதையாவது மாத்துனீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"உப்ப அறவே நிறுத்திட்டேன் டாக்டரு" என்றார் அத்தை, பரிசு வாங்க மேடையேறியவர் போல.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் உடம்பு லித்தியத்தை வெளியே விடாமல் சேர்த்துக்கொள்ளுமாம். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனை அப்போது அங்கே கிடையாது. ரத்தம் மெட்ராசுக்குப் போக வேண்டும், விடை வர நாளாகும். அதுவரை கண்ணால் பார்த்தும் கையைத் தொட்டும்தான் வைத்தியம். எனக்குக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டு டாக்டரம்மா யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "இந்த மிஷின் மட்டும் இங்கயே இருந்தா ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிரும்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்துப் படுக்கைக்குக் காவலிருந்த ஒரு பண்ருட்டி முந்திரி வியாபாரி. படுத்திருந்தது அவருடைய தம்பி. தம்பிக்கும் என் வியாதிதான். ஒரு லாரி பலாப்பழத்தைப் பஸ் ஸ்டாண்டில் போவோர் வருவோருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தவர். அதைக் கேட்டதும் பல நாள் பிரிந்த உறவைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. நாற்காலி கொடுத்தவளும் பலா கொடுத்தவரும் அடுத்தடுத்த கட்டிலில்.

"எந்த மிஷினும்மா? நான் வாங்கித் தர்றேன்" என்றார் வியாபாரி. டாக்டரம்மா நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்கிறவர்கள் வாசலைத் தாண்டினால் மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. அனுமதிக்காக மேசை மேசையாக அலைந்து, கடைசியில் மிஷின் வந்தே விட்டது. அதில் உபயதாரர் பெயர் போட வேண்டுமா என்று கேட்டார்கள். அவருக்குக் கொள்ளை ஆசை. கோயில் டியூப் லைட்டிலேயே வெளிச்சம் வெளியே வராத அளவுக்குப் பெயர் எழுதுகிறவர். ஆனால் மனநலப் பிரிவில் பெயர் போட்டால் சொந்தக்காரர்கள் தம்பியைப் பற்றித் தோண்டித் துருவுவார்களே. யோசித்து யோசித்து, "உபயம்: பண்ருட்டி முந்திரி வியாபாரி" என்று மட்டும் போடச் சொன்னார். பண்ருட்டியில் தடுக்கி விழுந்தால் முந்திரி வியாபாரி மேல்தான் விழ வேண்டும். அதனால் அந்த ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் புண்ணியம் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

அத்தை அந்த மிஷினுக்கு, "உப்பு அளக்குற மிஷினு" என்று பெயர் வைத்தார். தன்னால்தான் அது வந்தது என்பது அவர் கட்சி. யோசித்தால் அதுவும் பொய்யில்லை. புதிதாக யார் வந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எதை வேணா கொறைங்க, உப்ப மட்டும் கொறைக்காதீங்க, ஜாஸ்தியும் போடாதீங்க, எப்பவும் போல போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். டாக்டரம்மாவே அவரைக் காட்டி, "அந்தம்மா சொல்றதக் கேட்டுக்கங்க" என்பார்.

அப்படியே ஒரு கூட்டம் சேர்ந்தது. நோயாளிகள், வீட்டுக்காரர்கள், டாக்டர்கள் என்று மாதம் ஒரு முறை சந்தித்தோம். சிதம்பரத்தில் ஒரு நோயாளியின் அப்பா, தன் சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை முகூர்த்தமில்லாத நாட்களில் சும்மாவே திறந்துவிட்டார். வாசலில் போகிறவர்கள், "உள்ள என்னா விசேஷம்?" என்று கேட்டால், "பொண்ணு பாக்குறாங்க" என்று மாமா சொல்லிவிடுவார். முந்திரி வியாபாரியும் அவரும் அதற்குள் மச்சான் மச்சான் என்று தோளில் கை போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

2010இல் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைக் கொண்டுவந்தார். வெளியூர் ஆய்வகம் ஒன்றும் இவர்களும் சேர்ந்து செய்வது. யாருக்கு லித்தியம் நன்றாக வேலை செய்கிறது, ஏன் சிலருக்குச் செய்வதில்லை என்று பார்க்க எங்கள் ரத்தமும், கூடப் பிறந்தவர்கள், சொந்தக்காரர்கள் ரத்தமும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க உறவில்லாதவர்கள் ரத்தமும் கொஞ்சம் வேண்டும். "எங்க ரத்தத்த வெச்சி எங்களுக்கு என்னா ஆவப் போவுது?" என்று ஒருவர் கேட்டார். "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாமப் போகலாம். அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்" என்றார் டாக்டரம்மா. ஒளிக்காமல் சொன்னதால் எல்லோரும் கையை நீட்டினோம். புயலுக்குக் கூண்டு ஏற்றுகிற என் மாமா ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். அவருக்கும் குளுக்கோஸ் பாட்டில்.

ரத்தத்தோடு தினமும் மனநிலையைக் குறிக்க ஓர் அட்டவணையும் உண்டு. எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுப்பது என் கடையின் உபயம். அட்டவணையின் நடுவில் ஒரு கோடு. அதற்குக் கீழே, "காத்தில்ல". மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று கூண்டுகள். எங்கள் கூண்டையே ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டார்கள் என்று முதலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டுக்கட்டாக நகலெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்றது. கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் ஆபத்து. அப்படியானால் நான் சந்தோஷமாக இருந்தால் எங்கே குறிப்பது?

அடுத்த கூட்டத்தில் எழுந்து சண்டை போட்டேன். "டாக்டரம்மா, என் அக்கா மவளுக்கு வேல கெடைச்சுது, ஸ்வீட் வாங்கிட்டு வந்து ஆடுனேன். அதுக்கு இதுல எடம் இல்ல. ஒண்ணாம் நம்பர் கூண்டுன்னுதான் போடணும். எங்களுக்கெல்லாம் சந்தோஷமே வரக் கூடாதா? வந்தா வியாதியா?" கூடம் முழுக்க, "அதான, அதான" என்றது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "சரி. ஒண்ணாம் நம்பருக்கும் சந்தோஷத்துக்கும் என்ன வித்தியாசம்? கூட இருக்கிறவங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டு மாமா பக்கம் திரும்பினார்.

மாமா எழுந்து நின்றார். "தெரியல டாக்டரம்மா. அதனாலதான் டப்பாவப் பாக்குறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, அதே மூச்சில் பாவமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் அவர் என்னைச் சந்தேகப்பட்டார் என்று நினைத்திருந்தேன். பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

எல்லோரும் யோசித்து வாருங்கள், ஒரு பெயர் கிடைத்தால் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் போட்டுவிடலாம் என்று டாக்டரம்மா கூட்டத்தை முடித்தார்.

அதன்பின் ஒரு சாயங்காலம் மாமா கையில் சங்கரா மீனும் முகத்தில் ஒரு வெளிச்சமுமாக வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "ஏய், ஆபீசு ஜன்னல்லேருந்து பாத்துட்டே இருந்தேன்டி. போட்டு நெறைய மீனோட வந்தா கரையே கத்துது, ஓடுது, ஒருத்தன் ஈர மணல்ல ஆடுறான். பொயல் வருதுன்னாலும் அப்படித்தான் கத்துறான், ஓடுறான். ஜன்னல்லேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். கிட்டப் போயி கூடைய எட்டிப் பாத்தா தெரிஞ்சிரும். கூடையில மீன் இருந்தா அது மீன்பாடு. மீனே இல்லாம ஆடுனாதான் கூண்டு." மீனை என்னிடம் நீட்டி, "நான் இத்தினி நாளா கூடையப் பாக்காம டப்பாவப் பாத்துட்டேன்" என்றார்.

நான் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அழுதால் அதற்கு ஒரு நம்பர் கேட்பாரோ என்று பயம்.

பாடு என்றால் கஷ்டம் என்றும் அர்த்தம், வலையில் விழுந்த மீன் என்றும் அர்த்தம். எங்கள் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. கோட்டுக்கு மேலே, கூண்டுகளுக்குப் பக்கத்தில், "மீன்பாடு" என்று ஒரு கட்டம் வந்தது. "பண்ருட்டிக்கு மட்டும் பலாப்பழம்னு போட்டுக் குடுங்க" என்று வியாபாரி மல்லுக்கட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. வெளியூர் ஆய்வகத்தினர் அது என்ன என்று போனில் கேட்க, டாக்டரம்மா கடல், படகு, கூடை என்று நெடுநேரம் விளக்கினாராம்.

சொல் வந்துவிட்டது. பழக்கம் போக வேண்டுமே. நான் சிரித்தால் மாமாவின் கண் டப்பா வரை போய், பாதி வழியில் ஞாபகம் வந்து, அசட்டுத்தனமாகத் திரும்பும். அத்தையின் கண் திரும்பவே திரும்பாது.

2011 டிசம்பர் கடைசியில் கடலூரையே புரட்டிப்போட்ட அந்தப் புயல் வந்தது. மாமா அன்று ஏற்றிய பெரிய நம்பர் கூண்டை அதற்கு முன் தன் கையால் ஏற்றியதில்லை என்றார். எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. என் கடையின் போர்டு இன்றுவரை கிடைக்கவில்லை. நாள் கணக்கில் கரண்ட் இல்லை, மருந்துக் கடைகள் இல்லை. டாக்டரம்மா ஒரு ஜீப்பைப் பிடித்து எங்கள் எல்லோருக்கும் ஊர் ஊராக மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். முதலில் அவர் கேட்டது, "உப்பு இருக்கா வீட்ல?"

பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் அடியோடு சாய்ந்துவிட்டன என்று தெரிந்தது. வியாபாரியின் தோப்பில் ஒரு மரம் நிற்கவில்லை. தம்பி போன் செய்தார்: "அண்ணன் பேச மாட்டேங்குது. தோப்புலயே போயி நிக்குது." வழக்கமாகத் தம்பிக்காக அண்ணன் செய்யும் போன் அது.

பொங்கலுக்கு முன்னால் கூட்டத்தில் முடிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்துப் போனோம். இந்தத் தடவை வேனை ஏற்பாடு செய்தது நானில்லை. சாய்ந்த மரங்களை வெட்டி ஒதுக்க அரிவாளும் கோடாலியும், சாப்பிடப் புளிசாதமும் எடுத்துக்கொண்டோம். தோப்பு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. வேர்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. வியாபாரி நடுவில் நின்றார். யாரையும் பார்க்கவில்லை. மாமா மெல்லப் போய், "மச்சான்" என்று தோளைத் தொட்டார்.

வியாபாரி நிமிர்ந்தார். மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வறண்ட குரலில், "ஏன் மச்சான், ஒம் பொண்டாட்டி சிரிச்சதுக்கெல்லாம் கூண்டு ஏத்துனியே, எம் மரத்துக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாது? அதுங்களாவது கொஞ்சம் குனிஞ்சி நின்னுருக்குமே" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினேன். அத்தனை முந்திரி மரங்களும் வரிசையாகக் குனிந்து நிற்பது கண்ணில் தெரிந்தது. பொத்திய கையைத் தாண்டி வெடித்துவிட்டது. சாய்ந்துகிடக்கிற தோப்பில், ஒருவருடைய வாழ்வாதாரம் தரையில் கிடக்கிற இடத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையின் கண் என் தோள்பைக்குப் போயிற்று. டப்பா அதில்தான் இருந்தது.

மாமா பையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வியாபாரியின் முகத்தைத்தான் பார்த்தார். அந்த முகம் ஓரத்தில் கோணி, உதடு துடித்து, அவருக்கும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அப்படியே ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து தொப்பை குலுங்கச் சிரித்தார், கூடவே அழுதார். தம்பி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"யம்மா, பையப் பாக்காத. மீன்பாடு" என்றார் மாமா அத்தையிடம். "வுடு, சிரிக்கட்டும்."

நான் சிரித்தேன். இத்தனை வருஷ பாக்கி அது. அரிவாளோடு நின்றவர்கள், புளிசாதப் பாத்திரத்தைத் தூக்கி வந்தவர்கள், கடைசியில் அத்தை வரை அந்தச் சிரிப்பு போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் டப்பாவை எடுத்து என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.